வந்து உட்கார்ந்தால் முழுப்பேர்

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. தரம் மூன்றில் என் வகுப்பிலிருந்த ஒரு பெண் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை. அவளை டவுன் பாடசாலையில் உள்ள விசேட கல்வி அலகுக்கு மாற்றிவிடலாம் என்று என் கையாலேயே எழுதி அதிபரின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். தவணை முடிவில் வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஆசிரிய ஆலோசகர் வருவார், பிள்ளையைப் பார்ப்பார், தாயிடம் கையெழுத்து வாங்குவார். அடுத்த தவணை எனக்கு ஒரு தலைவலி குறையும். அப்படித்தான் நினைத்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் நான் ஏதோ சாதித்தவள் மாதிரி ஆகிவிடும்.

எங்களுடையது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. மூன்று பக்கமும் தேயிலை, ஒரு பக்கம் பஸ் போகும் ரோடு. நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள்தான். இருபத்தொரு வருஷமாக ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிறேன். நான் குரலை உயர்த்தினால் மேல் லயம் வரைக்கும் கேட்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளை மக்கு இல்லை. கதை சொன்னால் ஒரு வாரம் கழித்து வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். முதல் தவணை முழுக்க அவள் வாசிக்கிறாள் என்றே நம்பியிருந்தேன். பக்கத்துப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு மனதில் போட்டுக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்தபடி அப்படியே ஒப்புவித்திருக்கிறாள். ஒரு நாள் வேறொரு புத்தகத்தைக் கொடுத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஏமாற்றுகிறாள் என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க வைத்துத் திட்டினேன். அதற்குப் பிறகு ஒப்புவிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

டவுனுக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. அப்பா கொழும்பில் கடையில் வேலை. ஆகவே அம்மாதான் கொழுந்துக்குப் போவதை விட்டுவிட்டுத் தினமும் கூடப் போய்வர வேண்டும். தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஒன்றாக ஏணைத் தொட்டிலில் கிடந்த கூட்டாளிகளை விட்டுப் பிள்ளை தனியாகப் போக வேண்டும். அந்த அலகை நான் குறை சொல்லவில்லை. அங்கே போனால்தான் பிழைக்கும் என்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இவள் அப்படிப்பட்ட பிள்ளையா என்று நான் யோசிக்கவே இல்லை என்பதுதான் பிரச்சினை. தாயைக் கூப்பிட்டுச் சொன்னபோது, இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டாள். "யோசிச்சுச் சொல்றேங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹட்டனில் மூன்று நாள் செயலமர்வுக்கு என்னை அனுப்பினார்கள். கற்றல் இடர்பாடு உள்ள பிள்ளைகளுக்கு எப்படி உதவுவது என்பது பற்றி. கொழும்பிலிருந்து வந்த ஒரு அம்மா நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒன்றைக் கொடுங்கள், சின்னச் சின்னதாகப் பிரித்துக் கொடுங்கள், மற்றப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள், வீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் குறிப்பெடுத்தேன், பகல் பார்சலைச் சாப்பிட்டேன், கலர் அட்டைகளும் ஃபைலும் போட்ட பையோடு திரும்பினேன். கடைசி நாள்தான் குண்டு போட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பாடசாலையில் பெற்றோருக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் இதே பயிற்சியைக் கொடுத்து, போட்டோவோடு அறிக்கை அனுப்ப வேண்டுமாம்.

சரி என்று பெற்றோருக்குக் கடிதம் அடித்தேன். புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி. மண்டபத்தைக் கூட்டி, கதிரை போட்டு, பனர் கட்டி, நல்ல சாரி உடுத்திக்கொண்டு நின்றேன். வந்தது இரண்டு பேர். ஒருத்தி மாசமாக இருந்ததால் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவள். மற்றவர் ஓய்வுபெற்ற பழைய காவல்காரர். தேத்தண்ணி கொடுக்கும் எந்தக் கூட்டத்தையும் அவர் தவறவிடுவதில்லை.

மறுநாள் காலையில் தேயிலை மலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் தாயைப் பாடசாலைக் கேட்டடியில் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, ஒங்க புள்ளைக்காகத்தானே கூப்பிட்டேன்? ஒரு மணித்தியாலம் வந்து ஒக்கார முடியல, பொறகு புள்ளைக்குப் படிப்பு வரலன்னு யாரக் குத்தம் சொல்றது?"

அவள் கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு பொறுமையாகச் சொன்னாள். "ரெண்டு மணிக்கு நாங்க மலையில நிப்போங்க டீச்சர். நாலரைக்கு மடுவத்துல கொழுந்து நிறுத்துட்டு, லொறி வர்ற வரைக்கும் சும்மாதான் நிக்கிறோம். நீங்க அங்க வாங்களேன்."

எனக்கு இன்னும் கோபம் வந்தது. இந்த முறை என் மேலேயே. கொழுந்து நிறுக்கும் அந்த மடுவத்தில்தான் என் அம்மா முப்பது வருஷம் நின்றாள். கொழுந்து எடுக்கிறவர்களுக்கு இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள் என்று எனக்கு இன்னொருத்தி சொல்லித்தர வேண்டியிருந்தது.

அடுத்த வெள்ளி மடுவத்துக்குப் போனேன். தூறல். தகரக் கூரைக்குக் கீழே இருபது பெண்களுக்கு மேல் படங்கை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஃபைலைத் திறந்து பத்து நிமிஷம் பேசினேன். 'கற்றல் இடர்பாடு' என்ற சொல்லை எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. முடித்ததும் பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அது ஊசி போட்டாப் போயிருங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அந்தத் தாய் கையை உயர்த்தினாள், பிள்ளைகள் வகுப்பில் உயர்த்துவது மாதிரியே.

"நான் ஒண்ணு கேக்கட்டுங்களா டீச்சர்? புதுசா மலைக்கு வர்ற பொண்ணுக்கு மொத நாளே தனி நெரை குடுக்க மாட்டோம். பழகின ஆளோட விடுவோம். ரெண்டு பேருக்கும் ஒரே நெரை. அவ அந்தப் பக்கம் எடுப்பா, இவ இந்தப் பக்கம் எடுப்பா. கை பழகுற வரைக்கும் அவ கூடையில எவ்வளவு இருக்குன்னு யாரும் எட்டிப் பாக்க மாட்டோம். நீங்க சொல்றது அந்த மாதிரிங்களா?"

மூன்று நாள் ஹட்டனில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டு வந்ததை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "அதேதாம்மா" என்றேன். ஃபைலை மூடிப் பையில் வைத்தேன். அதற்குப் பிறகு பேச்சு தானாக ஓடியது. ஆளுக்கு ஆள் தன் பிள்ளையைப் பற்றிச் சொன்னார்கள். லொறி வந்து ஹோர்ன் அடித்தும் யாரும் எழும்பவில்லை. கணக்கப்பிள்ளை சத்தம் போட்ட பிறகுதான் எழும்பினார்கள்.

போகும்போது மூன்று விஷயம் சொல்லி அனுப்பினேன். தினமும் ஒரே நேரத்தில் பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவரவருக்கு முடிந்த வேலையைக் கொடுங்கள். செய்ததை அன்றன்றைக்குக் குறித்து வையுங்கள். எல்லோரும் கவனமாகத் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது வாரம் அந்தப் பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. என்ன ஏது என்று பார்க்கப் பாடசாலை விட்டு ஒரு பொழுதில் லயத்துக்குப் போனேன். நேரம் ஐந்தரை இருக்கும். அங்கே நான் கண்டதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

லயத்து வாசலில் பதினொரு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். முன்னால் அந்தத் தாய், கையில் கொப்பி. பக்கத்தில் இன்னொருத்தி கங்காணி மாதிரி கம்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். "நீ ஆறு வரி." "நீ கூட்டல் அஞ்சு." "நீ பாட்டு." ஒரே நேரம், அவரவருக்கு வேலை, அன்றன்றைக்குக் குறிப்பு என்று நான் சொன்னதை அவர்கள் அப்படியே செய்திருந்தார்கள். பாட்டன் காலத்திலிருந்து தினம் விடிந்தால் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுத்து வேலை வாங்குகிறவர்கள், அதை வேறு எப்படிச் செய்வார்கள்? பிள்ளைகளுக்குப் பெரட்டு வைத்துவிட்டார்கள்.

அதோடு விடவில்லை. மலையில் குறித்த அளவு கொழுந்து எடுத்தால் அன்றைக்கு முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள்தான் கணக்கு. அதையும் கொண்டுவந்துவிட்டார்கள். கொடுத்த வரியை வாசித்து முடித்த பிள்ளைக்குக் கொப்பியில் முழு வட்டம். முடிக்காத பிள்ளைக்கு அரை வட்டம். என் வகுப்புப் பிள்ளைக்குத் தொடர்ந்து ஆறு நாள் அரை வட்டம். ஏழாம் நாளிலிருந்து அவள் பெரட்டுக்கும் வரவில்லை, பாடசாலைக்கும் வரவில்லை. லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

நான் வெடித்துவிட்டேன். "புள்ளைகளையும் இப்பவே தேயிலைக்குப் பழக்குறீங்களா? நீங்க அரைப்பேர் வாங்கி அழுதது போதாதுன்னு, பெத்த புள்ளைக்கும் அரைப்பேர் போடுறீங்களா? இதுக்கா நான் மழையில நனைஞ்சு மடுவத்துக்கு வந்தேன்?" கம்பு வைத்திருந்தவள் கம்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அந்தத் தாய் பயப்படவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. உள்ளே போய் மகளின் பாடசாலைக் கொப்பியை எடுத்து வந்து, என் முன்னால் பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"எனக்கு எழுத்துத் தெரியாதுங்க டீச்சர். ஆனா இந்தச் செவப்பு தெரியும். ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கு. பத்துக்கு ரெண்டு, பத்துக்கு ஒண்ணுன்னு பக்கத்து வீட்டுப் புள்ள வாசிச்சுக் காட்டுச்சு. இதப் பாத்துத்தான் நான் அரைப்பேர் போட்டேன். இது தப்புன்னா சொல்லுங்க, ரெண்டையும் நிறுத்திருவோம்."

ரெண்டையும். என் சிவப்பையும், அவள் அரை வட்டத்தையும். படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு கிளாஸ் பிளேன்டீயைக் கையில் கொடுத்தார்கள். இருபத்தொரு வருஷத்தில் எத்தனை கொப்பியில் எத்தனை பிள்ளைக்கு நான் அரைப்பேர் போட்டிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

"சரிம்மா, ரெண்டையும் நிறுத்துவோம்" என்றேன்.

அவள் அந்த இடத்திலேயே சட்டத்தை மாற்றினாள். பீலிப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்: "இன்னைலேருந்து வந்து ஒக்காந்தாலே முழுப்பேர்! எவ்வளவு வாசிச்சாலும் முழுப்பேர்!" பிறகு பாவாடையெல்லாம் நனைந்து அந்தப் பிள்ளை வந்து பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தாய் கொப்பியில் முழு வட்டம் போட்டதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள்.

பெரட்டை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. எனக்கும் நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. பேர் கூப்பிட்டு, உனக்கென்று இது என ஒரு வேலை கொடுப்பது பிள்ளைகளுக்கு அப்படிப் பிடித்திருந்தது. நான் சிவப்புப் பேனையை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினேன். பிழைக்குப் பதிலாகச் செய்ததை எழுத ஆரம்பித்தேன். 'இன்று மூன்று வரி.' 'இன்று நான்கு வரி.' சொன்னால் நம்பமாட்டீர்கள், முதல் மாதம் எனக்குக் கை நமநமவென்றது.

ஆனாலும் ஒன்று மட்டும் சரிவரவில்லை. ஒரு வரியில் தொடங்கும் பிள்ளை பாதியில் அடுத்த வரிக்குத் தாவிவிடுவாள். விரல் வைத்து வாசிக்கச் சொன்னேன், விரலும் தாவியது. பெரட்டுப் பார்க்கப் போன ஒரு நாள் தாயிடம் புத்தகத்தைத் திறந்து அதைக் காட்டினேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் தெரியாது. வரிகளையும் வரிகளுக்கு நடுவே இருந்த வெள்ளையையும்தான் பார்த்தாள். "மட்டம் தெரியாமக் கை ஓடுதுங்க டீச்சர்" என்றாள்.

கொழுந்து எடுக்கிறவர்கள் செடியின் மேல் ஒரு நீளக் கம்பைப் படுக்கப் போடுவார்கள். அதற்கு மேலே தலை நீட்டும் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும், கீழே கை போகக்கூடாது. அதுதான் மட்டக்கம்பு. மறுநாள் பிள்ளை பாடசாலைக்கு வந்தபோது பென்சில் பெட்டியில் ஒரு சாண் நீளத்தில் குட்டி மட்டக்கம்பு ஒன்று இருந்தது. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சியை எடுத்து, தோலைச் சீவி, வழவழவென்று தேய்த்திருந்தாள் தாய். அதை வரிக்குக் கீழே வைத்து, வரி முடிந்ததும் ஒரு வரி இறக்கி, மறுபடி வைத்து, பிள்ளை வாசித்தாள். மெதுவாக, திக்கித் திக்கி, ஐந்து வரி. ஒன்றில்கூடத் தாவவில்லை. எனக்கு வகுப்பில் வைத்தே அழுகை வந்துவிட்டது. கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஹட்டனிலிருந்து கொண்டு வந்த பையைக் கொட்டிப் பார்த்தேன். இதே வேலைக்கென்று கலர் பிளாஸ்டிக் பட்டி ஒன்று கொடுத்திருந்தார்கள். உறையைக்கூட நான் பிரிக்கவில்லை.

அடுத்தது ஆசிரியர்களுக்கான பயிற்சி. ஏழு பேர். இதற்கு நான் ஆள் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டதால், அதிபரிடம் சொல்லி அந்தத் தாயைக் கூப்பிட்டேன். பக்கத்து வகுப்பைப் படிப்பிக்கும் சேர் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார். "கொழுந்து எடுக்கிறவங்க வந்துதான் நமக்குப் படிப்பிக்கணுமா?" என்று என் காதில் சொன்னார். அவருடைய அம்மாவும் லிந்துலையில் கொழுந்து எடுத்தவர்தான்.

தாய் கதிரையில் உட்காரவில்லை. கங்காணியிடம் கேட்டு வைத்திருந்தாள் போல, எல்லோரையும் வெளியே அழைத்துப்போய், பாடசாலை வேலியை ஒட்டிய தேயிலையில் ஆளுக்கு ஒரு செடியைக் காட்டிக் கொழுந்து எடுக்கச் சொன்னாள். ஏழு ஆசிரியர்களில் ஐந்து பேர் லயத்தில் பிறந்தவர்கள். ஒருவருக்கும் கை வரவில்லை. நான் என் தாயின் பேரைக் காப்பாற்றலாம் என்று பார்த்தேன், முற்றலையும் காம்பையும் சேர்த்துப் பிடுங்கினேன். மலையிலிருந்து பெண்கள் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். வெட்கத்தில் விரல்கள் இன்னும் தடுமாறின. இந்தத் தாய் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து வகுப்பு சேரிடம் போய், அவர் கையிலிருந்த குப்பைக்குள் விரலை விட்டு மூன்று நல்ல கொழுந்தைப் பொறுக்கி எடுத்துக் காட்டினாள்.

"இந்த மூணும் நல்லா எடுத்திருக்கீங்க சேர். இதே மாதிரி இன்னொண்ணு எடுங்க."

அவர் எடுத்தார். நாற்பது வயது மனிதர், முகமெல்லாம் சிரிப்பாக, இன்னொன்று, இன்னொன்று என்று எடுத்துக்கொண்டே போனார். மறுநாள் அவர் வகுப்பிலிருந்து, "இந்த மூணு சொல்லும் சரியா எழுதியிருக்கடா, இன்னொண்ணு எழுது" என்று குரல் வந்தது. நான் பாடத்தை நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எத்தனை பெரிய படிப்புப் படித்தவர்களிடம் நான் பயிற்சி எடுத்திருக்கிறேன். பத்து நிமிஷத்தில் ஒரு மனிதரை இப்படித் திருப்பிய ஆளை அதுவரை பார்த்ததில்லை.

தவணை முடிவில் ஆலோசகர் வந்தார். நல்ல மனிதர், அவசரப்படாதவர். தாய் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, துவைத்து மடித்த சாரி உடுத்தி, அதிபர் அறையில் சுவர் ஓரமாக நின்றாள். பிள்ளை தன் கம்பை வைத்து, முன்பின் பார்க்காத ஒரு பக்கத்தை வாசித்தாள். ஏழு வரிக்கு ஐந்து நிமிஷம் போனது. மூன்று சொல் பிழைத்தது. ஆலோசகர் முடியும் வரை காத்திருந்து, "கெட்டிக்காரி" என்று சொல்லி வெளியே விளையாட அனுப்பினார்.

பிறகு எங்களைப் பார்த்தார். "முன்னேற்றம் இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா மத்தப் பிள்ளைங்களோட ஓட இவளுக்கு இன்னும் நாளாகும். அலகுல இதுக்குன்னே படிச்ச ஆசிரியை இருக்காங்க. வகுப்பாசிரியையும் மாத்தச் சொல்லித்தான் எழுதியிருக்காங்க. அம்மா கையொப்பம் வச்சா சரி." படிவத்தைத் தாயின் பக்கம் நகர்த்தினார். 'வகுப்பறையில் கற்பிக்க இயலாது' என்ற என் குண்டுக் குண்டு எழுத்து எனக்கே தெரிந்தது. நான் பேசியிருக்க வேண்டும். அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாய் பேனையைத் தொடவில்லை.

"அந்த டீச்சர் நல்லாப் படிச்சவங்களா இருக்கலாங்க சேர். ஆனா அவங்க எம்புள்ளைய மொதல்லேருந்து பழகணும். இந்த டீச்சரும் மொதல்ல இப்பிடி இல்லைங்க. கத்துவாங்க. புள்ள அழுதுகிட்டுத்தான் வருவா. நாங்கெல்லாம் சேந்து எம்புட்டோ பாடுபட்டுத்தான் டீச்சர இந்த அளவுக்குக் கொண்டு வந்திருக்கோம். இப்பத்தான் அவங்களுக்கு வெளங்கி வருது. இந்த நேரத்துல புள்ளைய மாத்திட்டா எல்லாம் வீணாப் போயிருங்க. இன்னும் ஒரு வருஷம் குடுங்க சேர். டீச்சர் நல்லா வந்துருவாங்க."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. என்னை விட்டுக்கொடுக்காமல் எனக்காக வாதாடினாள். அதிபர் கூரையைப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. வேறு யாராவது, வேறு எப்போதாவது இதைச் சொல்லியிருந்தால் அந்த அறை இரண்டாகியிருக்கும்.

ஆலோசகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?"

"ஒரு வருஷம் எனக்குப் பத்தாதுங்க சேர்" என்றேன். "ரெண்டு வருஷம்னு எழுதுங்க."